வந்த வாசலிலேயே பதில்: ஒரு சர்வருக்கு இரண்டு இணைய இணைப்புகள்

திருப்பூரில் நூல் வியாபாரம் செய்யும் ஒரு முதலாளிக்கு நான் சர்வர் பார்த்துக்கொடுக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே, நூல் கோன் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஓர் இரும்பு அலமாரிக்குள் அது இருக்கிறது. சரக்கு இருப்பும் பில்லும் அதில்தான். வெளியூர் முகவர்கள் இணையம் வழியாக உள்ளே வந்து இருப்பைப் பார்த்து ஆர்டர் போடுவார்கள். தெருவில் யாராவது குழி தோண்டினால் ஃபைபர் அறுந்துவிடும். அன்றைக்கு வியாபாரமும் அறுந்துவிடும். மூன்றாவது முறை அறுந்தபோது முதலாளி வேறொரு நிறுவனத்திடம் ரேடியோ இணைப்பு வாங்கி மொட்டை மாடியில் தட்டு வைத்துவிட்டார். ஒன்று போனால் மற்றொன்று என்பது அவர் கணக்கு.

என் கணக்கும் அதுவாகத்தான் இருந்தது. சர்வரில் சும்மா கிடந்த இரண்டாவது நெட்வொர்க் கார்டில் புதிய கேபிளைச் செருகி, புதிய ஐபி முகவரியையும் கேட்வேயையும் (வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரி) கொடுத்தேன். முதல் முகவரி வழக்கம்போல் வேலை செய்தது. இரண்டாவது முகவரியை வெளியிலிருந்து தொட்டால் பதிலே இல்லை. ஃபைபர் கேபிளைப் பிடுங்கினால் இரண்டாவது முகவரி உயிர்பெற்றது. திரும்பச் செருகினால் மறுபடியும் செத்தது. தனித்தனியாக இரண்டும் நல்ல பிள்ளைகள், சேர்த்து வைத்தால் ஒன்று ஊமை. இணைப்புக் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அன்று அவர்கள் சொன்னது உண்மைதான் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு ஓர் இரவு ஆனது.

இதே நிலையில் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லினக்ஸ் சர்வர் என்று வைத்துக்கொள்கிறேன். நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, அங்கே அலமாரி முன் நின்ற கணக்குப் பிரிவுத் தம்பிக்குத் தொலைபேசியில் கட்டளைகளைச் சொல்லித்தான் இதைச் செய்தேன். அதனால் இங்கேயும் கட்டளைகளைச் சொல்வதுபோலவே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தாளில் முகவரிகளை எழுதுங்கள். உண்மையான முகவரிகளை இங்கே போட முடியாது. எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களைப் பயன்படுத்துகிறேன். ஃபைபர் வருவது ஈஎன்ஓ1 என்ற கார்டில்: சர்வர் முகவரி 192.0.2.10, கேட்வே 192.0.2.9, வலை 192.0.2.8/29. ரேடியோ வருவது ஈஎன்ஓ2 என்ற கார்டில்: சர்வர் 198.51.100.18, கேட்வே 198.51.100.17, வலை 198.51.100.16/29. அலுவலகத்துக்குள் இருக்கும் கணினிகள் மூன்றாவது கார்டு வழியாக 10.10.0.0/24 வலையில் இருக்கின்றன. வெளியிலிருந்து வருவதுபோல் சோதிக்கும் தம்பியின் கைபேசிக்கு 203.0.113.50 என்று வைத்துக்கொள்வோம். /29 என்றால் மொத்தம் எட்டு முகவரிகள். முதலும் கடைசியும் கழிந்து, கேட்வேக்கு ஒன்று போனால், நமக்கு ஐந்து மிஞ்சும். நிறுவனம் அனுப்பிய தாளில் கேட்வே எது, நமக்கு எது என்று மாற்றிப் படித்துவிடுவது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு.

இப்போது நோயைக் கண்ணால் பாருங்கள். வந்துபோகும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, திரையில் காட்டும் டிசிபிடம்ப் நிரலைச் சர்வரில் இப்படி ஓடவிடுங்கள்:

டிசிபிடம்ப் -என் -ஐ எனி ஹோஸ்ட் 203.0.113.50

கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் இரண்டாவது முகவரியைத் திறக்கப் பாருங்கள். வைஃபையை அணைக்க மறந்தால் அலுவலகத்துக்குள்ளேயே சுற்றிவந்து எல்லாம் சரி என்று பொய் சொல்லும். அரை மணி நேரம் எனக்கு அப்படித்தான் போனது. திரையில் தம்பி படித்துக் காட்டியது இது: ஈஎன்ஓ2 வழியாக உள்ளே ஒரு சின் பாக்கெட் (இணைப்புக் கேட்கும் முதல் தட்டு) வருகிறது. அடுத்த வரியில் அதற்கான சின்-ஆக் பதில் வெளியே போகிறது, ஈஎன்ஓ1 வழியாக. ஒரு வினாடி கழித்து அதே சின் மறுபடியும் வருகிறது, அதே பதில் மறுபடியும் ஈஎன்ஓ1 வழியாகவே போகிறது. பிறகு இரண்டு வினாடி, பிறகு நான்கு வினாடி இடைவெளி. கைபேசி கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. சர்வரும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஆனால் வேறு வாசலில் போய் நின்றுகொண்டு.

விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து தண்ணீர் கேட்கிறார், நாம் சொம்பை முன்வாசலில் கொண்டுபோய் நீட்டுகிறோம். அவ்வளவுதான் விஷயம். லினக்ஸ் ஒரு பாக்கெட்டை எந்த வழியில் அனுப்புவது என்று முடிவு செய்யும்போது அது எங்கே போகவேண்டும் என்பதை மட்டுமே பார்க்கும். நம்முடைய எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்பதை, நாம் சொல்லாதவரை, கண்டுகொள்ளாது. 203.0.113.50 வெளியூர், வெளியூருக்குப் போகும் வழி டீஃபால்ட் கேட்வே, இரண்டு டீஃபால்ட் இருந்தால் மெட்ரிக் என்ற முன்னுரிமை எண் குறைந்தது ஜெயிக்கும். எனவே ரேடியோ முகவரியைச் சுமந்த பதில் ஃபைபர் வழியாகக் கிளம்புகிறது. ஃபைபர் நிறுவனத்தின் ரவுட்டர் பார்க்கிறது: தான் கொடுக்காத முகவரியிலிருந்து ஒரு பாக்கெட். தூக்கி எறிந்துவிடுகிறது. அப்படி எறிவதுதான் நல்ல நடைமுறை என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2827 என்ற இணைய நடைமுறை ஆவணம் சொல்லிவிட்டது. பொய் முகவரியில் கிளம்பும் தாக்குதல்களைத் தடுக்க அது தேவை. அவர்கள்மீது கோபப்பட்டுப் பயனில்லை.

சிலருக்குத் திரையில் பதிலே தெரியாது. சின் மட்டும் வரும், சர்வர் மௌனம் காக்கும். அங்கே குற்றவாளி ஆர்பி_ஃபில்டர் என்ற கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அமைப்பு. அது 1 என்று இருந்தால், வந்த பாக்கெட்டுக்குத் திரும்பும் வழி அதே கார்டு வழியாக இல்லாவிட்டால் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடும். 2 என்றால் தளர்வான சோதனை, 0 என்றால் சோதனையே இல்லை. ‘ஆல்’ என்ற பொது அமைப்பிலும் கார்டுக்குரிய அமைப்பிலும் எது பெரிய எண்ணோ அதுதான் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். கார்டில் மட்டும் 0 என்று மாற்றிவிட்டு ஏன் கேட்கவில்லை என்று விழிப்பவர்கள் உண்டு. கீழே சொல்லும் விதியைப் போட்டபின் இந்தச் சோதனை தானாகவே தேறிவிடும், ஏனென்றால் திரும்பும் வழியைப் பார்க்கும்போது கெர்னல் அதே விதியைத்தான் பார்க்கிறது. ஆகவே முதல் வேலையாக அதை அணைக்க ஓடாதீர்கள்.

மருந்து இரண்டு பகுதி. ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வழி அட்டவணை. எந்த முகவரியிலிருந்து கிளம்பினால் எந்த அட்டவணையைப் பார்க்கவேண்டும் என்ற விதி. லினக்ஸில் இந்த வசதி 1999-இல் வந்த 2.2 கெர்னலிலிருந்தே இருக்கிறது. ‘ஐபி ரூல் ஷோ’ என்று தட்டினால் ஏற்கெனவே மூன்று விதிகள் இருப்பது தெரியும்: 0 என்ற எண்ணில் லோக்கல், 32766-இல் மெயின், 32767-இல் டீஃபால்ட். சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும். நம் விதிகளை இடையில் செருகவேண்டும்.

தொடங்குமுன் ஒரு பாதுகாப்பு. தொலைவிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்றால் ‘ஷட்டவுன் -ஆர் +10’ என்று முதலில் தட்டிவிடுங்கள். பத்து நிமிடத்தில் சர்வர் தானே மறுதொடக்கம் ஆகும். இப்போது தட்டப்போகும் கட்டளைகள் எதுவும் மறுதொடக்கத்தைத் தாண்டாது. ஆகவே நாம் நம்மையே வெளியே பூட்டிக்கொண்டாலும் பழைய நிலை வந்துவிடும். எல்லாம் சரியானால் ‘ஷட்டவுன் -சி’ போட்டு ரத்து செய்யலாம். 50 கிலோமீட்டர் பஸ் பயணத்தை இந்த ஒரு வரி எனக்குப் பலமுறை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ரேடியோவுக்கு அட்டவணை எண் 200 என்று வைத்தேன்:

ஐபி ரூட் ஆட் 198.51.100.16/29 டெவ் ஈஎன்ஓ2 எஸ்ஆர்சி 198.51.100.18 டேபிள் 200

ஐபி ரூட் ஆட் டீஃபால்ட் வயா 198.51.100.17 டெவ் ஈஎன்ஓ2 டேபிள் 200

ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 198.51.100.18 டேபிள் 200 ப்ரையாரிட்டி 1000

ஃபைபருக்கு அட்டவணை 100. இதே மூன்று வரிகள், ஈஎன்ஓ1, 192.0.2.8/29, 192.0.2.10, 192.0.2.9 என்று மாற்றி, ப்ரையாரிட்டி 1001. மெயின் அட்டவணையின் டீஃபால்ட் ஃபைபர்தானே, அதற்கு எதற்குத் தனி அட்டவணை என்று கேட்கலாம். ஒருநாள் மெயின் டீஃபால்ட்டை ரேடியோவுக்கு மாற்றுவீர்கள். அன்றைக்கு ஃபைபர் முகவரி ஊமையாகும். இரண்டுக்கும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

இத்தோடு நிறுத்தினால் ஒரு புதிய கோளாறு முளைக்கும். அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு கணினி சர்வரை அதன் வெளி முகவரியான 198.51.100.18 என்ற பெயரில் கூப்பிட்டால், பதில் அந்த முகவரியிலிருந்து கிளம்பும், விதி பிடித்துக்கொள்ளும், 200-ஆம் அட்டவணை பார்க்கப்படும், அதில் 10.10.0.0 பற்றி ஒன்றுமில்லை. பக்கத்து மேசைக்குப் போகவேண்டிய பதில் மொட்டை மாடித் தட்டு ஏறி ஊரைவிட்டே போய்விடும். அதற்கு முன்னதாக ஒரு விதி:

ஐபி ரூல் ஆட் டு 10.10.0.0/24 டேபிள் மெயின் ப்ரையாரிட்டி 900

உள்வலை எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் இப்படி ஒவ்வொன்று.

சரிபார்க்க, கெர்னலையே கேளுங்கள்:

ஐபி ரூட் கெட் 203.0.113.50 ஃப்ரம் 198.51.100.18

பதிலில் ஈஎன்ஓ2 என்று வந்தால் சரி. ஃப்ரம் பகுதியை 192.0.2.10 என்று மாற்றினால் ஈஎன்ஓ1 வரவேண்டும். பிறகு மறுபடியும் டிசிபிடம்ப், மறுபடியும் கைபேசி. அன்றிரவு தம்பி, “அண்ணா, இப்போது இரண்டு வரியிலும் ஈஎன்ஓ2 என்றே வருகிறது” என்றபோது மணி பதினொன்றரை. அவனை முதலில் வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை முதலாளி அழைத்தார். இணையதளம் திறக்கிறது, ஆனால் தன் ஃபோனில் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் வரும் பாதுகாப்பான வழி) மட்டும் ரேடியோ முகவரியில் இணையவில்லை என்றார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் பலருக்கும் இங்கேதான் சறுக்கும். இணையதளம் ஓடுவது டிசிபியில், அதாவது முதலில் இணைப்பை ஏற்படுத்திவிட்டுப் பேசும் முறையில். டிசிபியில் எந்த முகவரிக்குக் கேள்வி வந்ததோ அந்த முகவரியிலிருந்துதான் பதில் கிளம்பும். நம் விதி அதைப் பிடித்துக்கொள்ளும். அவருடைய ஓப்பன்விபிஎன் ஓடுவது யுடிபியில், அதாவது இணைப்பு ஏற்படுத்தாமலேயே பாக்கெட்டை அனுப்பும் முறையில். நிரல் ‘எல்லா முகவரியிலும் கேட்கிறேன்’ என்று 0.0.0.0-வில் உட்கார்ந்திருந்தால், பதில் அனுப்பும்போது அதற்கென்று ஒரு முகவரி கிடையாது. கெர்னல் முதலில் வழியைப் பார்க்கிறது, பிறகு அந்த வழிக்கேற்ற முகவரியை ஒட்டுகிறது. கிளம்பும் முகவரி இன்னும் முடிவாகாததால் ஃப்ரம் விதி பொருந்தாது, மெயின் அட்டவணை ஃபைபரைக் காட்டும், பதிலில் 192.0.2.10 ஒட்டப்படும். முதலாளியின் ஃபோன் 198.51.100.18-ஐக் கேட்டது, யாரோ 192.0.2.10 பதில் சொல்கிறார். யார் நீ என்று அதைத் தள்ளிவிடும். ஓப்பன்விபிஎன்னின் சர்வர் அமைப்புக் கோப்பில் ‘மல்டிஹோம்’ என்று ஒரே ஒரு சொல்லைத் தனி வரியில் எழுதினால் தீர்ந்தது. வேறு யுடிபி நிரலாக இருந்தால் 0.0.0.0-வில் கேட்கவிடாமல் இரண்டு முகவரிகளிலும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

சர்வர் தானாக வெளியே தொடங்கும் இணைப்புகளுக்கும் இதே கதைதான். நிரல் தன் முகவரியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மெயின் டீஃபால்ட் வழியாகவே போகும். இதில் தவறொன்றுமில்லை, மின்னஞ்சல் அனுப்பாதவரை. அனுப்பினால் இரண்டு முகவரிகளையும் எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று அனுமதித்த முகவரிகளின் பட்டியல்) எழுதுங்கள். முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் தலைகீழ்ப் பதிவை அந்தந்த இணைப்பு நிறுவனத்திடம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஃப்ரம் விதி போதாது. வழியைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் கன்டெய்னரின் பதில் 172.17.0.2 போன்ற உள்முகவரியைத்தான் சுமந்திருக்கும். வெளி முகவரி அதற்குப் பிறகே திரும்ப ஒட்டப்படும். அங்கே முகவரிக்குப் பதில் அடையாளம் வைக்கவேண்டும்: பாக்கெட்டுகளை வடிகட்டும் ஐபிடேபிள்ஸின் மேங்கிள் பகுதியில், ஈஎன்ஓ2 வழியாக வரும் புதிய இணைப்புக்குக் கான்மார்க் 200 என்று குறியிட்டு, டாக்கர்0 பக்கமிருந்து திரும்பும் பாக்கெட்டில் மட்டும் அந்தக் குறியை மீட்டெடுத்து, ‘ஐபி ரூல் ஆட் எஃப்டபிள்யூமார்க் 200 டேபிள் 200 ப்ரையாரிட்டி 1002’ என்று விதி போடவேண்டும். உள்ளே வரும் பாக்கெட்டிலும் குறியை மீட்டெடுத்தால் அது கன்டெய்னருக்குப் போகாமல் வந்த வழியே வெளியே ஓடும். 172.17.0.0/16-க்கும் 900-இல் ஒரு டு விதி இருந்தால் அந்த ஆபத்து இல்லை. இந்த ஏற்பாட்டில் மட்டும் ஆர்பி_ஃபில்டரை 2 ஆக்கியே தீரவேண்டும்.

இனி நிலையாக்குவது. கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டில் போட்டு பூட் ஆகும்போது ஓடவிட்டேன் நான், சோம்பேறித்தனத்தால். இரண்டு வாரம் கழித்து, வேறு ஏதோ வேலைக்காக ஈஎன்ஓ2 கார்டை இறக்கி ஏற்றினேன். கார்டை இறக்கினால் அதன் வழிகள் எல்லா அட்டவணையிலிருந்தும் அழிந்துவிடும். விதிகள் மட்டும் அப்படியே நிற்கும். ‘ஐபி ரூல் ஷோ’ பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கிறது. 200-ஆம் அட்டவணையோ காலி. காலி அட்டவணையில் ஒன்றும் கிடைக்காவிட்டால் கெர்னல் அடுத்த விதிக்குப் போகும், மெயினை அடையும், பழையபடி முன்வாசல். விதியைப் பார்த்து ஏமாறாமல் ‘ஐபி ரூட் ஷோ டேபிள் 200’ என்று அட்டவணையையும் பாருங்கள். நான் இப்போது ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு தடுப்புச் சுவரும் வைக்கிறேன்:

ஐபி ரூட் ஆட் அன்ரீச்சபிள் டீஃபால்ட் மெட்ரிக் 4000 டேபிள் 200

இது எந்தக் கார்டையும் சாராதது. நல்ல வழி அழிந்தாலும் இது நிற்கும். பாக்கெட் தவறான வாசலுக்குப் போவதைவிட, வழியில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வது மேல். நோயாவது தெரியும்.

உபுண்டுவில் ஸ்கிரிப்டை விட்டுவிட்டு நெட்பிளான் என்ற வலையமைப்புக் கோப்பில் எழுதுங்கள். ஒவ்வொரு கார்டின் கீழும் ‘ரூட்ஸ்’ பகுதியில் வழிகளை டேபிள் எண்ணோடும், ‘ரூட்டிங்-பாலிசி’ பகுதியில் ஃப்ரம், டேபிள், ப்ரையாரிட்டி ஆகியவற்றையும் கொடுக்கலாம். பிறகு ‘நெட்பிளான் அப்ளை’ என்று துணிச்சல் காட்டாமல் ‘நெட்பிளான் ட்ரை’ என்று தட்டுங்கள். 120 வினாடிக்குள் நீங்கள் என்டர் அழுத்தி ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும்.

இரண்டு கேபிளும் தனித்தனியாகச் சர்வருக்கு வரவேண்டும். அலமாரியில் இடமில்லை என்று வயரிங் செய்தவர் இரண்டையும் ஒரே சாதாரண சுவிட்சில் செருகிவிட்டுப் போன அனுபவமும் உண்டு. 198.51.100.18 யார் என்று கேட்வே கேட்டால் இரண்டு கார்டுகளும் நான்தான் என்று கைதூக்கும். லினக்ஸின் இயல்பு அப்படி. முகவரி கார்டுக்குச் சொந்தமில்லை, இயந்திரத்துக்குச் சொந்தம் என்று அது நினைக்கிறது. சுவிட்சைத் தவிர்க்கவே முடியாவிட்டால் கெர்னல் அமைப்பில் ஏஆர்பி_இக்னோர் 1, ஏஆர்பி_அனௌன்ஸ் 2 என்று வையுங்கள்.

ஐபி பதிப்பு 6 இருந்தால் அதற்குத் தனி விதிகள், தனி அட்டவணைகள்: ‘ஐபி -6 ரூல்’ என்று அதே வேலையை மறுபடியும் செய்யவேண்டும். பதிப்பு 4-இன் விதிகள் அதைத் தொடாது.

முதலாளி காசு கொடுத்தது ஒன்று போனால் மற்றொன்று என்பதற்காக. பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஒரே பெயருக்கு இரண்டு ஏ பதிவுகளை வைத்தேன், ஆயுள் 300 வினாடி. இன்றைய உலாவிகள் ஒரு முகவரி பதில் சொல்லாவிட்டால் மற்றதைத் தொட்டுப் பார்க்கும். சில வினாடி தாமதம் இருக்கும், முகவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். முறையாகச் செய்வதென்றால் சொந்தமாகக் குறைந்தது ஒரு /24 தொகுதியும் ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் நம் வலையைக் காட்டும் அடையாள எண்) வாங்கி, இரு நிறுவனங்களோடும் பிஜிபி (வலைகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) பேசவேண்டும். மாடிப்படி அலமாரிக்கு அது அதிகம் என்பது என் கருத்து.

சர்வர் தானே வெளியே போகும் வழியைத்தான் கவனிக்கவேண்டும். ஃபைபர் தெருவில் அறுந்தாலும் சுவரில் இருக்கும் பெட்டி உயிரோடுதான் இருக்கும். கேபிளில் பச்சை விளக்கு எரியும். மெயின் டீஃபால்ட் மாறாது. நிமிடத்துக்கு ஒருமுறை ‘பிங் -ஐ 192.0.2.10’ (இந்த ஐ மட்டும் ஆங்கிலப் பேரெழுத்து) என்று ஃபைபர் முகவரியிலிருந்து வெளியே எதையாவது தொட்டுப் பார்த்து, தொடர்ந்து மூன்று முறை விழுந்தால் மெயின் டீஃபால்ட்டை 198.51.100.17-க்கு மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். ஃப்ரம் விதி இருப்பதால், டீஃபால்ட் மாறிய பிறகும் இந்தப் பிங் ஃபைபர் வழியாகவே போகும். ஃபைபர் திரும்பியதும் தெரிந்துவிடும்.

சோதிக்கும்போது சர்வர் முனையில் கேபிளைப் பிடுங்காதீர்கள். சுவர்ப் பெட்டிக்குள் வரும் ஃபைபர் இழையைக் கழற்றச் சொன்னேன், தெருவில் அறுந்ததுபோல். மூன்றாவது நிமிடம் தம்பி, “விளக்கு பச்சையாகவே இருக்கிறது அண்ணா, ஆனால் பில் போகிறது” என்றான். இழையைத் திரும்பச் செருகுமுன் அதன் முனையைத் துணியால் துடைக்கப் போனான். வேண்டாம், தொடாதே, அப்படியே செருகு என்றேன்.